வானத்தில் தூசி

எங்கள் வீட்டில் பழமொழிக்குப் பஞ்சம் கிடையாது. சோறு குழைந்தாலும் என் மனைவியிடம் அதற்கொன்று இருக்கும், காயப்போட்ட துணி மழையில் நனைந்தாலும் அதற்கொன்று இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு நான் ஒரு கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூடாய் வீட்டு வாசலில் வந்து இறங்கியதும் அவளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. முதல் நாளே, குரங்கு கையில் பூமாலை என்று ஆரம்பித்தாள். நான் சட்டை செய்யவில்லை.

கேமரா பாயுடையது. தம்போயில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு அடுத்த சாலையில் அவருக்குச் சாப்பாட்டுக் கடை. மதியம் எனக்கு அங்கேதான் சோறு. என்னைவிட நாலைந்து வயது இளையவர், என்னை அண்ணே என்பார். ஊரே அவரைப் பாய் என்பதால் நானும் பாய் என்பேன். கல்லாவுக்குப் பின்னால் அவர் எடுத்த படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அதில் ஒன்று, விடிவதற்கு முன் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள் விளக்குகள் மழை பெய்த சாலையில் நீண்டு கிடக்கும் படம். நான் தினமும் திட்டிக்கொண்டே கடக்கிற சாலைதான் அது. அது இவ்வளவு அழகானது என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துக்கொண்டே மீன் குழம்பை ஆறவிட்ட நாட்கள் உண்டு. பாய் இதைக் கவனித்திருக்கிறார். தனக்குப் புதுக் கேமரா வந்ததும் பழையதை என்னிடம் கொடுத்து, பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பிடித்தது என்று சொன்னால் போதாது, பைத்தியம் பிடித்தது. டிஜிட்டல் கேமராவில் எனக்கு முதலில் பிடித்ததே அதன் தாராள மனசுதான். நூறு படம் எடுத்தால் தொண்ணூற்றொன்பதை அழித்துவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. சின்ன வயதில் ஃபிலிம் தீர்ந்துவிடும் என்று பயந்து பயந்து எங்களை வரிசையாக நிற்கவைத்து எடுத்த படங்களில் எல்லாரும் குற்றவாளிகள் மாதிரி நிற்போம். இப்போது நான் ஒரு வடையைக்கூட இருபது கோணத்தில் எடுத்தேன். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் தார்ப்பாய் மேல் தேங்கிய மழைத் தண்ணீர், சாக்கடையில் தலைகீழாகத் தெரிந்த அடுக்குமாடி, என் மனைவி உளுந்து களையும்போது பொங்கும் நுரை. கடைசிப் படம் மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. நுரை தெரிகிறது, கையில் கிடக்கும் பழைய வளையல் ஏன் தெரிய வேண்டும் என்று கோபித்துக்கொண்டாள்.

பிறகு குருவிகள் வந்தன. வருடக் கடைசியில் வடக்கேயிருந்து இங்கு வந்து தங்குமே, பிளந்த வாலுடன், அந்தக் குருவிகள். மலாயில் அவற்றுக்கு லாயாங் லாயாங் என்று பெயர். அதே பெயரில் குளுவாங் பக்கம் ஒரு சின்ன ரயில் ஊரும் இருப்பதால், குருவியை அந்த ஊரில்தான் எடுப்பது என்று எனக்கு ஒரு வீம்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். தண்டவாளத்தை ஒட்டிய, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு மேல் அவை சுற்றிச் சுற்றிப் பறக்கும். கண்ணுக்கு வெறும் கறுப்புக் கீற்றாகத் தெரிவது படத்தில் தொண்டைச் செம்மையோடு, விரிந்த இறகோடு, நடு வானத்தில் அசையாமல் நிற்கும். ஒரு நல்ல படம் விழுந்தால் அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் எரிந்து விழமாட்டேன். இதைத் தொழிற்சாலையில் எனக்குக் கீழே வேலை செய்யும் பெண்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

வானத்தில் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தது அந்தக் குருவிகளை எடுக்கும்போதுதான். கேமராவின் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தால், வெளுத்த வானத்தில் ஒரு கறுப்புப் பொட்டு நகரும். குருவி என்று பட்டனை அழுத்துவேன். படத்தில் குருவி இருக்காது, வானமும் அந்தப் பொட்டும்தான். பறவை என்னைவிட வேகம் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொட்டு இரண்டாகி, நாலாகி, கூடவே நூல் மாதிரி ஒன்றும் சேர்ந்துகொண்டபோது எனக்குப் புரிந்துவிட்டது. கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் தூசி. லென்ஸைக் கழற்றி மாட்டும்போது உள்ளே தூசி போய் ஒட்டிக்கொள்ளும், டிஜிட்டல் கேமரா வைத்திருக்கும் எல்லாருக்கும் உள்ள தலைவலி அது. பழைய கேமரா என்றால் கேட்கவே வேண்டாம்.

இதில் எனக்குச் சந்தேகமே வராததற்குக் காரணம் என் வேலை. நாங்கள் செய்வது வெள்ளைப் பிளாஸ்டிக் மூடிகள். மூடியில் மிளகுத் தூள் அளவு கரும்புள்ளி இருந்தாலும் எடுத்துத் தள்ளுவதுதான் என் பிழைப்பு. புள்ளியைப் பற்றி எனக்கு யாராவது பாடம் நடத்த முடியுமா? நேராகப் பாயிடம் போய்க் கேமராவைக் கல்லாவில் வைத்தேன். பாய் ரப்பர் குமிழால் காற்று ஊதிச் சுத்தம் செய்து கொடுத்தார். அடுத்த வாரமும் புள்ளிகள் இருந்தன. அதற்கென்று உள்ள மெல்லிய துடைப்பானை வாங்கி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்துக் கொடுத்தார். அப்போதும் இருந்தன. எங்கள் படப் பிரியர்களின் வாட்சப் குழுவில், சிலர் தலையில் கட்டிவிடுகிறார்கள் என்று பேரில்லாமல் ஒரு வரி போட்டேன். பாயும் அந்தக் குழுவில்தான் இருந்தார். மறுநாள் மதியமும் எப்போதும்போல எனக்கு மீன் குழம்பு ஊற்றினார்.

வீட்டில் நான் புலம்பியபோது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றாள் மனைவி. சொல்லிவிட்டு, கிளினிக்கில் கண்ணைப் படம் எடுக்க வரச் சொன்னார்களே, போனீர்களா என்று கேட்டாள். எனக்கு இனிப்புநீர் நோய் வந்து பல வருடம் ஆகிறது. வருடத்துக்கொரு முறை கண்ணுக்குள்ளே படம் எடுத்துப் பார்ப்பார்கள். நான்தான் படம் எடுக்கிறேனே, என்னை எதற்கு எடுக்க வேண்டும் என்று தமாஷ் செய்து தப்பித்தேன்.

கடைசியில் பாய்தான் ஒரு முடிவுக்கு வந்தார். மதியக் கூட்டம் கலைந்து கடை காற்று வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் என்னைக் கேமராவோடு வரச் சொன்னார். தூசியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: லென்ஸின் துவாரத்தை மிகச் சிறியதாக்கி, வெறும் வெள்ளையை ஒரு படம் எடுத்தால் தூசி எங்கிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கடையின் பக்கச் சுவருக்கு அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள். அதை எடுத்தார். படத்தை லாப்டாப்பில் பெரிதாகத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"எங்கண்ணே இருக்கு? கை வச்சுக் காட்டுங்க."

ஜெயித்துவிட்ட தோரணையில் காட்டினேன். மேலே ஒன்று, நடுவில் இரண்டு, வலது பக்கம் அந்த நூல். விரலை வைக்கப் போனால் அது நழுவியது; லாப்டாப் பழசு என்று அதையும் ஒரு குறை சொன்னேன்.

"வேற எங்கயும் இல்லையா?"

இல்லை என்றேன். நன்றாகப் பார்த்துச் சொல்லச் சொல்லி மறுபடியும் கேட்டார். இத்தனை இருப்பது போதாதா பாய் என்றேன்.  அவர் லாப்டாப்பை மூடினார்.

"படத்த விடுங்கண்ணே. அந்தச் சொவரப் பாருங்க."

சுவரைப் பார்த்தேன். படத்தில் இருந்த புள்ளிகள் அத்தனையும் சுவரில் இருந்தன. சுவர் அழுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாய் வலது கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். சுவர் சுத்தமாக இருந்தது. திறந்தேன். புள்ளிகள் திரும்ப வந்து மிதந்தன. நான் கேமராவில் வைப்பது எப்போதும் வலது கண். வானத்தைக் கேமரா இல்லாமல் நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் எனக்குப் போயே போய்விட்டிருந்தது, அதனால்தான் இது இத்தனை நாள் தெரியவில்லை.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டாங்க," என்றார் பாய். அவர் அம்மா கடைசிக் காலத்தில் பேரப்பிள்ளைகளைக் குரலை வைத்து அடையாளம் கண்டது எனக்குத் தெரியும்.  வழக்கமாக எனக்கு வரும் இனிப்புப் பால் தேநீரான தே தாரிக்கைப் பாதி வழியில் நிறுத்தி, தே ஓ கோசோங் கொண்டுவரச் சொன்னார். சர்க்கரையும் இல்லாமல் பாலும் இல்லாமல் அந்தக் கசப்புத் தண்ணீரைக் குடித்தேன்.

மறுநாள் பாய் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு என்னையும் மனைவியையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, கண்ணுக்குள்ளே படம் எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தைத் திரையில் காட்டினார். புகைமூட்டக் காலத்து நிலா மாதிரி ஆரஞ்சு வட்டம், அதில் கிளை பிரிந்து ஓடும் ரத்தக் குழாய்கள், அங்கங்கே சிவப்புப் பொட்டுகள். போகஸ் கச்சிதம், வெளிச்சம் கச்சிதம் என்று என் புத்தி அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. டாக்டர் மலாய்க்காரப் பெண்மணி. பதறாமல், மலாயில் நிதானமாக விளக்கினார். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, நான் பார்த்த புள்ளிகள் அந்த ரத்தம்தான். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் வலது கண் போயிருக்கும். இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. லேசர் வைத்து இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

திரும்பும் வழியில் ஸ்கூடாய் நெரிசலில் கார் நின்று நின்று போனது. பாய் ஓட்டினார், மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தாள். மருந்து விட்ட கண்ணுக்கு ரோட்டு விளக்கெல்லாம் வழிந்து தெரிந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அது எனக்கே நாக்கு நுனிவரை வந்தது. பழமொழியில் பிறந்து வளர்ந்த அவளுக்கு வராமலா இருந்திருக்கும்? அவள் சொல்லவில்லை. இருக்கைக்கு நடுவே கையை நீட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டாள், வீடு வரும்வரை எடுக்கவில்லை. இன்றுவரை அந்தப் பழமொழியை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. என் மேல் இவளுக்கு இவ்வளவு பிரியமா என்று அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

லேசர் என்பது முகத்துக்கு நேரே யாரோ விடாமல் பிளாஷ் அடிப்பது போல இருந்தது, ஒவ்வொன்றுக்கும் தலைக்குள் சுருக்கென்று ஒரு குத்து. பல தவணையாக வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் பாய்தான் காரோட்டினார். வாட்சப்பில் நான் போட்ட வரிக்கு மன்னிப்புக் கேட்டபோது, "எந்த வரிண்ணே? நான் பாக்கலையே," என்றார். பார்த்ததற்கான நீலக் குறி விழுந்திருந்தது எனக்குத் தெரியும்.

அந்த மாதங்களில் நான் கேமராவைத் தொடவில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு கண்ணாக மூடி, கூரையையும் மின்விசிறியையும் மனைவியின் முகத்தையும் சரிபார்ப்பேன். இருக்கின்றன என்று தெரிந்தால்தான் பல் துலக்கப் போவேன். பயத்தில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். மனைவி சோற்றைக் குறைத்தாள், நடக்கக் கூட்டிப் போனாள், நான் என்ன கத்தினாலும் பழமொழி எதுவும் வீசாமல் இருந்தாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது எனக்குப் பிடிக்கவே இல்லை.

புள்ளிகள் மெல்ல மெல்ல வெளுத்தன. நூல் ஒரு நாள் காணாமல் போனது. குருவிகள் வடக்கே போய்விட்டு மறுபடி எங்கள் சாலைக் கம்பிகளில் வந்து உட்கார்ந்த மாலை, மனைவி அலமாரியைத் திறந்து கேமராவை எடுத்து மேசையில் வைத்தாள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினேன். கடைசியாக என்ன எடுத்தேன் என்று மறந்துவிட்டதால், கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பாய் கடைச் சுவர் திரை முழுக்க வெள்ளையாக விரிந்தது. மேலே ஒன்றுமில்லை, நடுவில் ஒன்றுமில்லை, வலது பக்கம் நூலும் இல்லை. ஆனால் இடது பக்கம் கீழ் மூலையில் ஒரு கரும்புள்ளி இருந்தது.

 ஒரு கண்ணை மூடினேன், இருந்தது. மாற்றி மூடினேன், அப்போதும் இருந்தது. படத்தை மேலே நகர்த்தினேன், கூடவே நகர்ந்தது. உடனே பாயைக் கூப்பிட்டேன்.

"பாய், புள்ளி இருக்கு."

அந்தப் பக்கம் தட்டுகளைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "மறுபடியுமாண்ணே?" என்றபோது அவர் குரல் உள்ளே போயிருந்தது.

"கண்ணுல இல்ல பாய். இது நெசமான தூசி. அந்தச் சொவரு படத்துல, கீழ, எடது மூலையில. எந்தக் கண்ண மூடினாலும் இருக்கு."

 "அது அன்னைக்கே எனக்குத் தெரியும்ண்ணே," என்றார் பாய். "நீங்க இல்லாத எடத்தயெல்லாம் காட்டினீங்க. இருந்தத மட்டும் காட்டல. ரெண்டு தடவ கேட்டுப் பாத்தேன். அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு."

 நாளைக்கே கேமராவைக் கொண்டு வரச் சொன்னார், துடைத்துத் தருகிறாராம். ஞாயிற்றுக்கிழமை லாயாங் லாயாங் போய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். எடுக்கிற வானத்திலெல்லாம் அந்தப் புள்ளி விழுமே என்றார்.

"விழட்டும் பாய்," என்றேன். "நான் அதப் பாக்கணும்."