சிவப்பு மையில் அடித்த நாற்பத்தொரு அளவுகள்

சென்னம்மாளுக்குப் பொய் எழுத வராது. அதை நற்குணம் என்று யாரும் புகழ வேண்டாம், பழக்கம், அவ்வளவுதான். உள்ளூரில் ஒரு நர்சிங் ஹோமில் பதினெட்டு வருஷம் ஆயாவாக இருந்தவள். தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டினால் சார்ட்டில் நூற்றிரண்டு. "குறைச்சு எழுதுங்க, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகோணும்" என்று நோயாளியின் மாமியார் கெஞ்சினாலும் நூற்றிரண்டுதான்.

நர்சிங் ஹோமை மூடிய பிறகு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். ஓட்டை விழுந்த பீஸை ஓட்டை என்று சொல்கிற வேலை. அதுவும் அவளுக்குப் பொருந்தியது. வீடு நொய்யல் கரையில், பாலத்தை ஒட்டிய நாற்பது வீட்டு வரிசையில்.

2003-இல் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து குருசாமி என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். பாலத்துத் தூணில் கறுப்பும் வெள்ளையுமாக அளவுகோல் வரைந்தார். மேற்கே மலையில் பெய்யும் மழையை வைத்து, இங்கே எப்போது எவ்வளவு வெள்ளம் வரும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் அவருடைய ஆராய்ச்சி.

"மழை நாள் குறையுதுங்க. ஆனா பேயற அன்னைக்கு மொத்தமாக் கொட்டுது. காலநிலையே மாறிப்போச்சு. பழைய கணக்கு இனி உதவாதுங்க" என்றார்.

காலை ஆறு, மாலை ஆறு, அளவைப் பார்த்து நோட்டில் எழுத ஓர் ஆள் வேண்டும். சென்னம்மாள் ஒத்துக்கொண்டாள். காய்ச்சலோ கல்யாணமோ, ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, வாங்கிப்போன நோட்டைக் குருசாமி திருப்பிக் கொண்டுவந்தபோது, நாற்பத்தொரு அளவுகள் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன.

"ஏனுங் சார், இதென்னங்க?"

"அன்னைக்கெல்லாம் மலையிலயும் மழையில்ல, இங்கயும் இல்லீங்க. திடீர்னு ஒன்றரை அடி ஏறுச்சுன்னு எழுதியிருக்கீங்க. தப்பாப் பார்த்திருப்பீங்க."

"அது சாயப்பட்டறைக்காரங்க தொறந்து உடற தண்ணிங்க. ஓரத்துல எழுதியிருக்கறனே, சிவப்பு, நீலம், நுரைன்னு. பார்க்கலீங்களா?"

"கலருக்கு என் படிவத்துல இடமில்லீங்க. அந்த நாளுக்கெல்லாம் முந்தின நாள் அளவையே போட்டுக் குடுங்க. வரைபடம் சீராயிரும்."

"சார்ட்டைச் சீராக்கினா காச்சல் போயிருமுங்களா?"

குருசாமியின் முகம் சிவந்தது. "அப்ப நான் வேற ஆள் பார்த்துக்கறனுங்க."

"பாருங்க. ஆனா நான் எழுதறதை நிறுத்த மாட்டேன். அந்தத் தூணு என்ன, உங்க அப்புச்சி கட்டினதுங்களா?"

அவர் போய்விட்டார். சென்னம்மாள் கடையில் புது நோட்டு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரில் வெறும் தூறல். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் இரண்டடி ஏறியிருந்தது. பக்கத்து வீட்டு இசக்கிமுத்து வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றான். தென்காசிப் பக்கத்துக்காரன், சாயப்பட்டறையில் வேலை.

"என்னக்கா, இன்னைக்கு என்ன கலரு?"

கரையில் யாரும் அசையவில்லை. தூறல் விழுந்தால் அதைச் சாக்காக வைத்துப் பட்டறைகள் சாயத் தண்ணீரைத் திறந்துவிடுவதும், அரை மணியில் அது வடிந்துவிடுவதும் எல்லோருக்கும் பழகிய சங்கதி. சென்னம்மாள் குனிந்து பார்த்தாள். நுரை இல்லை. மூக்கை எரிக்கும் நெடி இல்லை. செம்மண் நிறம். வேரோடு ஒரு வாழை மிதந்து போனது.

"நேத்து உங்க பக்கத்துப் பட்டறைகள்ல என்ன கலர் ஓட்டினீங்க?"

"எல்லாம் கறுப்புத்தாம்க்கா, பெரிய ஆர்டருல்லா."

"இதுல கறுப்பு எங்கிருக்குது, காட்டு!"

இசக்கிமுத்து எட்டிப் பார்த்தான். பற்பசையைத் துப்பினான். அதற்குள் தூணில் இன்னும் நான்கு விரல் ஏறியிருந்தது.

சென்னம்மாள் ஓடிப்போய் பெட்டிக்கடை ஒரு ரூபாய் போனில் குருசாமியைக் கூப்பிட்டாள். "மலையோட மழை அளவு இன்னும் வரலீங்க. மறுபடியும் தப்பாப் பார்த்திருப்பீங்க, ஜனங்களைப் பயமுறுத்தாதீங்க" என்றார் அவர்.

"உங்க அளவு வர்ற வரைக்கும் ஆறு நிக்குமுங்களா?" என்று போனை வைத்துவிட்டாள்.

பிறகு நாற்பது வீட்டு ஜனங்களையும் பாலத்து மேட்டுக்கு ஏற்றியதெல்லாம் நர்சிங் ஹோம் வார்டு ஒழுங்கு. படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் முதலில், கர்ப்பிணிகள் அடுத்து, பிறகு குழந்தைகள், கடைசியாக நடக்கத் தெம்புள்ளவர்கள். இசக்கிமுத்து ஒரு கிழவரைத் தோளில் தூக்கிப் போனான். கடைசி வீட்டுப் பழனாத்தாள் டிவியைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"டிவிக்கு மூச்சு முட்டாது, மேல ஏறு!" என்று விரட்டினாள் சென்னம்மாள்.

"வெள்ளம் வராமப் போவட்டும், உன்னைப் பேசிக்கறேன்!" என்று திட்டிக்கொண்டே ஏறினாள்.

எட்டு மணிக்கு ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. ஆறு சுவர்கள் விழுந்தன. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

பத்தாம் நாள் மாலை குருசாமி சேற்றை மிதித்துக்கொண்டு வந்தார். கையில் புதுப் படிவம். "கலருக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கறனுங்க. மலைத்தண்ணி எது, சாயத்தண்ணி எதுன்னு பிரிச்சாத்தான் முன்கூட்டிச் சொல்ல முடியும். மறுபடி நீங்களே எழுதோணும்."

"எழுதறனுங்க. முதல்ல அந்த நாற்பத்தொண்ணு."

பழைய நோட்டை எடுத்து வந்தாள். குருசாமி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். சிவப்பு.

"அது வேண்டாங்க" என்று தன் நீலப் பேனாவைக் கொடுத்தாள்.

அவர் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து, அவள் வாசிக்க வாசிக்கப் புதுப் படிவத்தில் ஒவ்வொன்றாக எழுதினார். பதினேழாவதில் நிமிர்ந்தார். "இது உறுதிங்களா?"

"உறுதிங்க. எழுதுங்க."

இருபத்தாறாவதில் மணி ஆறானது. "இருங்க சார், அளவு பார்த்துட்டு வந்தர்றேன், மீதி பதினஞ்சு இருக்குது" என்று சொல்லிவிட்டு, சென்னம்மாள் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு தூணை நோக்கி இறங்கினாள்.