நாட்டுக்குச் சொன்ன எச்சரிக்கை

இலங்கையில், தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மழையை அளந்து மண்சரிவு அபாயத்தை அறிவிக்கும் பெட்டியொன்றைப் பொருத்தினோம். அதற்குள் இருக்கும் நகமளவு சிப்புக்கு மென்பொருள் எழுதியவன் நான். மழை எல்லை தாண்டினால் முதலில் ஓர் இசைத்துணுக்கு, பிறகு எல்லோரையும் வெளியேறச் சொல்லும் குரல். மூன்று மொழியிலும் சொல்வதாகத்தான் திட்டம். சிப்பின் நினைவகம் போதவில்லை. தமிழை அழித்தேன். ஆங்கிலத்தை விட்டுவைத்தேன், பார்வையிட வருகிறவர்களுக்காக. 'இங்கே எல்லாருக்கும் சிங்களம் தெரியும்' என்று நிரலின் ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, தாய்மொழியைப் பற்றி உருகி உருகிக் கட்டுரை எழுதிப் பாடசாலையில் பரிசு வாங்கியவனின் குறிப்பு.

முன்னறிவிப்பில்லாத ஒத்திகைக்காக ஒரு காலையில் பெட்டியை அலறவிட்டோம். கீழே சிங்களக் கிராமம் குழந்தை குட்டிகளோடு பாதைக்கு வந்துவிட்டது. சரிவுக்கு நேர் அடியிலிருந்த லயத்தில் ஒருவரும் அசையவில்லை. வாசலில் ஒரு பெண் நிதானமாக அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் கேக்கலியா அக்கா?"

"கேட்டுச்சே சார்."

"சொன்னது வெளங்கலியா?"

"ஏன் வெளங்காம? மண்ணு சரியுதாம், ஓடணுமாம். பாவம், நாட்டாளுங்க."

கீழ்க் கிராமத்தைத் தோட்டத்தில் நாடு என்றுதான் சொல்வோம்.

"உங்களுக்கும்தானே சொல்லுது?"

"சிங்களத்துல மைக்குல சொன்னா அது நாட்டுக்குங்க. நம்மளுக்குன்னா தமிழ்ல யாராச்சும் வந்து கத்துவாங்க."

"நானும் லயத்துப் பிள்ளைதான் அக்கா" என்றேன். ஏன் சொன்னேனோ.

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே" என்றார்.

தோட்ட ஆபீசில் மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். இசைத்துணுக்கு பிடித்திருந்த இடத்தில் தமிழ்க் குரலைத் தாராளமாக வைத்திருக்கலாம். அந்த இசையை வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அமைத்தவன் நான், அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அழித்தேன். "அனைவரும் உடனடியாக வெளியேறவும்" என்று பதிவு செய்து அந்தப் பெண்ணிடமே போட்டுக் காட்டினேன்.

"இப்படி நியூஸ் வாசிச்சா யாரு எந்திரிப்பா? தள்ளுங்க சார்." மைக்கைப் பிடித்தார். "ஏய், லயத்து சனமெல்லாம் வெளிய வாங்க! மண்ணு வருது! புள்ளைங்கள தூக்கிட்டு கிரவுண்டுக்கு ஓடுங்க!"

பின்னேரம் மறுபடியும் அலறவிட்டோம். குரல் முடியுமுன்பே கதவுகள் திறந்தன. பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஓடிய ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தினார்: "என்ன சார் வேடிக்க பாத்துக்கிட்டு? ஓடுங்க!"

ஓடினேன். ஓடும்போது யார் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை.