பின் இருக்கையில் மூன்று கூடைத் தக்காளி

வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்குச் சாமல்பட்டியிலிருந்து ஓசூருக்குப் புறப்பட்டேன். ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். மறுநாள் காலை பத்து மணிக்குப் பெங்களூரில் என் மனைவி மல்லிகாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை. குலுங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பதினேழு வயதான என் காரோ குலுக்குவதற்கென்றே பிறந்தது.

போன வாரம் அவளை அழைத்துப் போனபோது ஒவ்வொரு வேகத்தடைக்கும் பின்பக்கம் பலகையால் அடிப்பதுபோல் இடித்தது. ஓசூர் தாண்டி, கர்நாடக எல்லைக்குச் சற்று முன்னால் ஜூஜுவாடியில் மூன்று தடைகள் அடுத்தடுத்து வந்தன. மூன்றாவதில் கத்தியேவிட்டாள். திரும்பி வர ஆம்புலன்ஸ் வைக்கலாம் என்று போனில் சொன்னால், கேட்கிற ஆளா அவள்?

"ஆம்புலன்ஸ்ல வந்து எறங்குனா எனக்கு என்னவோ ஆயிடுச்சின்னு தெருவே கூடிடும். நம்ம வண்டியிலயே வரேன்."

7.30. சூளகிரியில் டீ, பதினைந்து ரூபாய். அதற்கப்புறம் சாலை முழுக்கக் கம்பெனி பஸ்கள்தான். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் முகங்களைப் பார்த்துக்கொண்டே ஓசூருக்குள் நுழைந்தேன்.

8.40. ராயக்கோட்டை சாலையில் அந்தோணியின் பட்டறை. ஒல்லியான ஆள், கழுத்தில் சின்ன சிலுவை. காரைக் குழியின் மேல் நிறுத்தச் சொல்லி, டார்ச்சுடன் கீழே இறங்கினார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் மூட்டில் புஷ் என்று ஒரு ரப்பர் உருளை இருக்கிறது. அடி வாங்குவதுதான் அதன் வேலை.

"போல்ட்டும் புஷ்ஷும் துரு புடிச்சி ஒண்ணா ஒட்டிப்போச்சி சார். ரப்பரே இல்ல, இரும்பும் இரும்பும் மோதுது. யாரு மாத்துனது இத?"

மூன்று வருடத்துக்கு முன் வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு மாற்றியது சாட்சாத் நான்தான். இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று மல்லிகாவிடம் பீற்றிக்கொண்டதும் நான்தான்.

"ஊர்ல ஒருத்தர்," என்றேன்.

"சக்கரம் தொங்கும்போதே முடுக்கியிருக்கான் மகராசன். வண்டிய கீழ எறக்குனதும் ரப்பர் முறுக்கிக்கும். முறுக்கிக்கினே ஓடுனா கிழியாம என்ன பண்ணும்? ஸ்பேனர் கையில கெடச்சா எல்லாரும் மெக்கானிக்கு!"

குழியிலிருந்து ஏறி வந்தும் அந்த ஒருத்தரை அவர் திட்டத் திட்ட நான் ரோட்டில் போகும் தக்காளி வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூஜுவாடியில் அவள் கத்தியது காதிலேயே இருந்தது. வெட்கமாக இருந்தது.

பதினொன்றரை வரை போராட்டம். எண்ணெய் விட்டார், கேஸ் வைத்துச் சூடு காட்டினார், சம்மட்டியால் அடித்தார். போல்ட் அசையவில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் அறுத்து இரும்புக் கையைத் தனியே எடுத்தார். அதன் உள்ளே சிக்கிய பழைய புஷ்ஷின் இரும்பு வளையத்தைப் பிதுக்கித் தள்ள, அதே அளவில் ஓர் இரும்புத் துண்டு கடைய வேண்டுமாம்.

"பக்கத்து லேத்துக்காரர் முனிராஜ் கம்பெனியில ஃபர்ஸ்ட் ஷிப்ட். ரெண்டரைக்கு வருவாரு."

"வேற லேத் இல்லியா?"

"இருக்குது. அவரு கை வராது."

மூன்று மணி நேரம் காத்திருந்தேன். இரண்டு முப்பத்தைந்துக்கு முனிராஜ் சீருடையோடு, டிபன் கேரியரோடு வந்தார். தெலுங்கில் நாலு வார்த்தை பேசிக்கொண்டார்கள். முனிராஜ் வளையத்தை மூன்று இடத்தில் அளந்தார். குப்பையில் கிடந்த ஒரு பழைய ஆக்சில் துண்டை எடுத்து லேத்தில் மாட்டினார். இருபது நிமிடம். அந்தத் துண்டை வைத்து அழுத்தியதும் காலையிலிருந்து வம்பு பண்ணிய வளையம் சத்தமில்லாமல் கழன்று விழுந்தது. எட்டு மணி நேரம் கம்பெனியில் உழைத்துவிட்டு வந்த கை அது! கும்பிடலாம் போலிருந்தது.

4.15. புது புஷ், புது போல்ட் எல்லாம் ஏறின. ஆனால் அந்தோணி முடுக்கவில்லை. சக்கரங்கள் தரையில் நிற்க, என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார்.

"அம்மா எங்க உக்காருவாங்க?"

"பின்னாடி, இடது பக்கம்."

"எத்தினி கிலோ?"

துணிக்கடைக்காரரிடம்கூடச் சொல்லாத ரகசியம். அவள் வழக்கமாகச் சொல்லும் கணக்கையே சொன்னேன். "அறுபது."

அந்தோணி என்னையே பார்த்தார். "சார், இது போல்ட்டு. பொய் சொன்னா வலி அவங்களுக்குத்தான்."

"அறுபத்தெட்டு," என்றேன்.

உடைந்த வில்லுப் பட்டையை மாற்ற வந்து நின்ற ஒரு தக்காளி வண்டியிலிருந்து, டிரைவரைக் கேட்டு, பிளாஸ்டிக் கூடைகளை இறக்கினார். ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. மூன்றைப் பின் இருக்கையில் இடது பக்கம் அடுக்கினார். "தலகாணி, பையெல்லாம் வரும்ல." நாளைய பாரத்தை இன்றே ஏற்றி, வண்டி அதற்கேற்ப அமர்ந்த பிறகுதான் குழிக்குள் இறங்கி ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினார். இந்த ஊரில் எந்திரத்தை மட்டுமல்ல, அதில் உட்காரப் போகிறவரையும் அளக்கிறார்கள்.

எல்லாம் சேர்த்து மூவாயிரத்து எண்ணூறு. கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் சொன்னேன். "அந்தோணி, அந்த ஒருத்தர் நான்தான்."

"தெரியும் சார். திட்டும்போது உங்க மூஞ்சியத்தான பாத்துக்கினு இருந்தேன்."

வெள்ளிக்கிழமை 11.50. மல்லிகா பின் இருக்கையில் சாய்ந்திருந்தாள். கண்ணை இறுக்க மூடி, ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வண்டிக்குள் என்ன தக்காளி வாசம் என்று ஒருமுறை கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன். அத்திப்பள்ளி தாண்டினோம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஓசூர் பஸ் ஸ்டாண்ட் அருகே சிக்னலில் நின்றபோது கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஜூஜுவாடி வந்தா முன்னாடியே சொல்லிடுங்க. பல்லக் கடிச்சிக்கிறேன்."

"தாண்டிப் பத்து நிமிஷம் ஆச்சி."

அவள் கண்ணைத் திறந்து வெளியே பார்த்தாள். பிறகு கைப்பிடியை விட்டாள்.