நான் தூங்கினேன், மஞ்சுளா பேச்சு வாங்கினாள்

வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜையில் என்னோடு உட்காரும் அக்கா தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம். ஆத்தா எனக்குச் செய்ததை எழுதிக் கொடு, நம் வழிபாட்டு மன்றத்து மலரில் போடலாம் என்று நீங்கள் கேட்டு வெகு நாளாகிறது. எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமில்லை. எழுதினால் பாதியை மட்டும் எழுத முடியாது, முழுவதையும் எழுத வேண்டும். அது உங்களில் சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

தூக்கம் வேண்டும் என்று ஆத்தா மாரியம்மனைக் கேட்டேன். கொடுத்தாள். ஆனால் அந்தத் தூக்கத்துக்காக ஊர் வாயில் விழுந்தவள் நானில்லை, என் ஓரகத்தி மஞ்சுளா. இன்றைக்கும் உங்களில் பாதிப் பேர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறீர்கள். இதைப் படித்த பிறகாவது திரும்பிப் பார்ப்பீர்களா என்று பார்க்கிறேன்.

போன ஐப்பசியில் மழை விட்டும் விடாமலும் இருந்த நேரம். எங்கள் தோட்டத்தில் தக்காளி பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கக் குனிந்தேன், மணிக்கட்டு மடங்கவில்லை. சரி, பிடிப்பு என்று நினைத்தேன். சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதித்தது. பாலக்கோட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சிக்குன்குனியா என்றார்கள். "காய்ச்சல் சீக்கிரம் விட்டுரும்மா. வலி கொஞ்ச மாசம் இருக்கும். நல்லாத் தூங்குங்க, அதுதான் பெரிய மருந்து" என்றார் டாக்டர்.

காய்ச்சல் விட்டது. வலி வாடகை கொடுக்காமல் தங்கிவிட்டது. காலையில் எழுந்தால் பாதம் தரையில் ஊன்றாது. சீப்பைப் பிடித்துத் தலை வார முடியாது. சொம்பை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தண்ணீர் குடிப்பேன், அப்போதும் பாதி மார்பில் சிந்தும். நாள் முழுக்கக் களை எடுத்துவிட்டு வந்து களி கிண்டியவள் நான். என் வீட்டுக்காரர் என்னைக் கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போகிறார். வெட்கக்கேடு.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தூக்கம் போனதுதான் என்னை உருக்கிவிட்டது. இடது பக்கம் படுத்தால் தோள், வலது பக்கம் படுத்தால் இடுப்பு, மல்லாந்து படுத்தால் குதிகால். விடிய விடிய இதே வேலை. வெயில் ஏறி, மாத்திரையும் உள்ளே போன பிறகுதான் வலி கொஞ்சம் இளகும். அப்போது கண் சொருகும். அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்கப் போகாவிட்டால் அது ஜென்மத்துக்கும் குறை. அதனால் எல்லாரும் வந்தார்கள். ரொட்டி, சாத்துக்குடி, ஹார்லிக்ஸ். நோயாளி எழுந்து உட்கார வேண்டும். படுத்தபடி பேசினால் மரியாதை இல்லை. "எப்படி ஆச்சு கண்ணு?" என்பார்கள். தக்காளிப் பெட்டியில் ஆரம்பித்து ரத்தம் எடுத்தது வரை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். சொல்லி முடித்து அவர்களை வழியனுப்பினால், அடுத்த ஆள் உள்ளே வந்து, "எப்படி ஆச்சு?" நான் எங்காவது விட்டுவிட்டால் என் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பார், அவருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒருவர் நண்டு ரசம் வை என்பார். இன்னொருவர் முடக்கத்தான் தோசை. பொம்மிடியில் இருந்து வந்த ஒரு புண்ணியவதி, "எங்க தெருவுல ஒருத்திக்கு இதே காய்ச்சல்தான், இன்னும் குச்சி ஊனித்தான் நடக்கறா" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, காபியில் சர்க்கரை கம்மி என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள்.

"இன்னிக்கு யாரும் வேண்டாங்க, கொஞ்சம் கண்ண மூடறேன்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர், "நாலு பேரு தேடி வர்றாங்கன்னா அது நாம சம்பாரிச்ச மரியாத. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத" என்றார். அவரைச் சொல்லி என்ன? எனக்கே வாய் வரவில்லை. வந்தவர்களைப் பார்த்து 'நான் தூங்க வேண்டும், போய்வாருங்கள்' என்று சொன்ன பெண்பிள்ளையை இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் எனக்கு இப்படித் தோன்றியது. செத்தாலும் பார்க்க வருவார்கள்தான், ஆனால் எழுந்து உட்காரச் சொல்ல மாட்டார்கள். அந்த அளவுக்குப் போய்விட்டேன்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோவிலுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தேன். வீட்டுக்காரர் மொபெட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். நிற்க முடியாமல் தூணோரம் சரிந்து உட்கார்ந்தேன். கை கூப்பக்கூட விரல் நிமிரவில்லை.

"ஆத்தா, கை கால் எப்பவோ சரியாவட்டும். தோட்டம் எப்படியோ போவட்டும். எனக்குத் தூக்கத்தக் குடு. குடுக்க முடியாதுன்னா என்னக் கூட்டிக்கோ" என்றேன். குலுங்கிக் குலுங்கி அழுதேன். பூசாரி குங்குமம் கொடுத்துவிட்டுப் பக்கத்து ஆளுக்கு அர்ச்சனை பண்ணப் போய்விட்டார். அம்மன் தலையில் இருந்து பூ விழவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. ஆத்தாவும் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் ஏரியூரில் இருந்து சொந்தக்காரர்கள் வந்து காத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டிலில் உட்கார்ந்தேன். தக்காளிப் பெட்டியில் ஆரம்பித்தேன். பாதியில் வார்த்தை குழறிவிட்டது. எங்கே விட்டேன் என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. ஒரு அம்மா என் முதுகைத் தடவி, "அழுவாத கண்ணு. நிதானமா, மொதல்ல இருந்து சொல்லு" என்றார்.

அப்போதுதான் மஞ்சுளா குழம்புக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். என் கொழுந்தனார் பெண்டாட்டி. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுற்றுச்சுவர், ஒரே கேட். ஓசூர் தாண்டி கர்நாடகாப் பக்கத்துப் பெண். வந்து இத்தனை வருடமாகியும் அவள் தமிழில் கன்னடம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். மனதில் பட்டதைப் படக்கென்று சொல்லிவிடுவாள், குழைந்து பேசத் தெரியாது. எனக்கும் அவளுக்கும் பெரிய ஒட்டுதல் இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பேடா. போதும்" என்றாள். வேண்டாம் என்பதைத்தான் அப்படிச் சொல்வாள். "அக்கா மூஞ்சியப் பாருங்க. எல்லாரும் எழுந்திரிங்க. அக்கா தூங்கோணும்."

வந்தவர்கள் விக்கித்துப் போனார்கள். அவள் விடவில்லை. அவர்கள் பையை எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்து, கேட்வரைக்கும் போய், சாத்திவிட்டு வந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "யாரு வூட்டுக்கு வந்தவங்கள யாருடி வெரட்டறது?" என்று கத்தினேன். அவள் திரையை இழுத்துவிட்டாள், ஃபேனைப் போட்டாள். "மல்கோ அக்கா" என்றாள். படு என்று அர்த்தம். கேட் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இவளை எழுந்து போய் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எந்தக் கேள்வியில் ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே படுத்தேன். கண் விழித்தபோது விளக்கு வைக்கும் நேரம். தலையணையெல்லாம் எச்சில். எங்கே இருக்கிறேன் என்றே முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. தூங்கியிருக்கிறேன்! சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

மறுநாளும் அவள் வந்தாள். அதற்கு மறுநாளும். தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு, ஒரு முறம் அவரைக்காயோடு கேட் பக்கம் உட்கார்ந்துவிடுவாள், மாட்டில் பால் கறக்கும் நேரம் வரைக்கும். நான் தூங்கினேன். பகல் பகலாகத் தூங்கினேன். முதலில் முணுமுணுத்த வீட்டுக்காரர், நான் ஒரு நாள் நானாகவே எழுந்து நடந்து வந்ததைப் பார்த்த பிறகு வாயைத் திறக்கவில்லை. மார்கழி முடியும்போது விரல்கள் மடங்கின. பொங்கலுக்கு நானே கோலம் போட்டேன், கோணல்மாணலாகத்தான்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நானும் மற்றவர்கள் மாதிரி சந்தோஷமாகச் சாட்சி சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

மஞ்சுளாவின் மகள் சிந்து ஐப்பசிக்கு முன்பே வயதுக்கு வந்தவள். என் உடம்பு இப்படி ஆனதால் அவளுக்குச் சீர் செய்வதைத் தள்ளி வைத்திருந்தார்கள். தையில் நாள் குறித்து, மஞ்சுளாவும் கொழுந்தனாரும் வீடு வீடாக வந்து உங்கள் எல்லாரையும் அழைத்தார்கள். வாசலில் பந்தல். சமையலுக்குப் பாலக்கோட்டில் இருந்து ஆட்கள். நான்தான் பெரியம்மா இல்லையா, பன்னீர்ச் சொம்பும் சந்தனமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு பந்தல் முகப்பில் நின்றேன்.

நின்றுகொண்டே இருந்தேன். அவள் பிறந்த வீட்டு ஆட்கள் ஒரு வேனில் வந்தார்கள். எங்கள் பங்காளிகள் சிலர் வந்தார்கள். ஊரில் இருந்து யாரும் வரவில்லை. மன்றத்தில் இருந்து ஒருவர்கூட வரவில்லை. பந்தியில் போட்ட இலைகள் போட்டபடியே கிடந்தன. பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, சேரில் உட்கார்ந்திருந்த பிள்ளை என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"பெரிம்மா, இன்னும் யாரு வரணும்?"

"வருவாங்க கண்ணு" என்றேன்.

உங்களில் ஒருவர் அப்போது எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். பெயரை எழுத மாட்டேன், படிக்கும்போது அவருக்கே தெரியும். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "வாங்கக்கா, ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் போங்க" என்றேன்.

"எதுக்குங்க? வந்தா கேட்டச் சாத்துவா. ஆத்தா குங்குமத்தயே வாசல்ல நிறுத்துனவதானே அவ" என்றார்.

அவரை விடாமல் கேட்ட பிறகுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. மார்கழியில் நீங்கள் ஒரு ஆட்டோ நிறைய, எனக்காகப் பாட்டுப் பாடிப் பிரார்த்தனை செய்ய வந்திருக்கிறீர்கள். குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் கொண்டு வந்திருக்கிறீர்கள். அக்கா தூங்குது, எழுப்ப முடியாது என்று அவள் பிரசாதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு ஊரே பேசியிருக்கிறது. வெளியூர்க்காரி புத்தியைக் காட்டிவிட்டாள், ஓரகத்தியை அடைத்து வைத்திருக்கிறாள், உள்ளே என்ன மருந்து கொடுக்கிறாளோ என்று. அவள் முகத்துக்கு நேராகவே, அந்தக் கேட் பக்கத்தில் நின்றே சொல்லியிருக்கிறார்கள். நான் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

பந்தல் பிரிக்கும்போது, மிஞ்சின சோற்றை அண்டாவில் அள்ளிக்கொண்டிருந்தாள். "ஏண்டி, இத்தன நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டேன்.

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சொல்லியிருந்தா நீ தூங்குவியா அக்கா?" என்றாள்.

ஆத்தா பதிலே சொல்லவில்லை என்று நான் அழுதுகொண்டு வந்த அன்றைக்கே, குழம்புக் கிண்ணத்தோடு பதிலை அனுப்பியிருக்கிறாள். நான்தான் 'யாருடி வெரட்டறது' என்று கத்தியிருக்கிறேன். உங்களையும் குறை சொல்ல மாட்டேன். பாசத்தோடுதான் வந்தீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கோபித்துக்கொண்டுதான் போயிருப்பேன். ஆனால் நீங்கள் கொண்டுவந்ததும் ஆத்தா கொடுத்ததுதான், உள்ளே நான் தூங்கிக்கொண்டிருந்ததும் ஆத்தா கொடுத்ததுதான். இரண்டுக்கும் நடுவில் நின்று அடிபட்டவள் மஞ்சுளா.

இப்போது யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நான் வாசலோடு விசாரித்துவிட்டு, சமையலறையில் கிடக்கும் பாத்திரத்தைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். என் கையில் வலி இன்னும் கொஞ்சம் இருக்கிறது, குளிர் காலையில் தெரியும். ஆனால் படுத்தால் தூக்கம் வருகிறது. ஒவ்வொரு முறை தூங்கி எழும்போதும் ஆத்தாவுக்கு நன்றி சொல்கிறேன், கூடவே மனது உறுத்துகிறது. உங்களுக்கும் ஒரு கஷ்டம் வந்தால் ஆத்தாவிடம் கேளுங்கள். நம்பிக் கேளுங்கள். கட்டாயம் கொடுப்பாள். நமக்குப் பிடித்த ஆள் கையில்தான் கொடுத்தனுப்புவாள் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் எழுதி மஞ்சுளாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். "எதுக்குக்கா இது? அந்த நாளு திரும்பி வருமா?" என்றாள். வராது. ஒரு பெண்ணுக்கு அந்தச் சீர் ஒரு தடவைதான். அதை நானும் திருப்பிக் கொடுக்க முடியாது, நீங்களும் முடியாது.

ஆனாலும் வருகிற வெள்ளிக்கிழமை என் விளக்கை நான் மன்றத்துக்கு எடுத்து வரப்போவதில்லை. மஞ்சுளா வீட்டு நடுக்கூடத்தில்தான் ஏற்றப் போகிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பேடா என்பாள். நீங்கள் வாருங்கள். வந்து, சிந்துவின் தலையில் ஆளுக்கு நாலு பூவைப் போட்டு, நல்லா இரு என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆத்தாவிடம் நான் இப்போது கேட்பது இது ஒன்றுதான்.