கதைக்க லைசென்ஸ் எடுத்த யசிந்தா

மீனவர் சங்கத்தின் கரைச் செற்றுக்கு ஆள் தேடியபோது குருநகர்க் கரையில் யசிந்தாவைத் தவிர வேறெவரும் முன்வரவில்லை. கடலில் நிற்கும் வள்ளங்களோடு கதைப்பதற்காகச் சங்கக் கட்டடத்தில் வைத்திருந்த வானொலிப் பெட்டிக்குத்தான் கரைச் செற் என்று பேர். காற்று எழும்பினால் சொல்ல வேண்டும். எவருடைய இயந்திரமாவது நின்றுபோனால் பக்கத்து வள்ளத்துக்கு அறிவிக்க வேண்டும். மற்ற நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். முதலிரண்டு வேலைகளையும் யசிந்தா ஒரு குறையுமில்லாமல் செய்தாள்.

அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். கணவன் கிறகோரி அதற்கு நேர்மாறு. ஒரு நாளைக்கு இருபது சொல்லுக்கு மேல் செலவழிக்க மாட்டான், அதிலும் பாதி "ம்". வீட்டில் அவள் கதை தொடங்கினால் வலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான். கடலில் அது நடக்காது. 'சந்தியோகு' என்ற அவனுடைய வள்ளத்தில் செற் இருந்தது, சுற்றிவரத் தண்ணீர் இருந்தது. யசிந்தா அந்த வாய்ப்பை விடவில்லை.

"சந்தியோகு, சந்தியோகு, கேக்குதோ? இஞ்சேரப்பா, அந்த நண்டு ஒத்துக்கொண்டுதோ? வயிறு இப்ப எப்பிடி? மூண்டு தரம் போனதெல்லோ?"

அலைவரிசை ஒன்றுதான். முப்பது வள்ளங்களும் அதைத்தான் கேட்டன. கிறகோரி கரைக்கு வந்து வள்ளத்தை இழுக்கிறபோது பழக்கமில்லாதவர்கள்கூட அவனுடைய வயிற்றைச் சுகம் விசாரித்தார்கள். ஒருவர் ஓமத்தண்ணிப் போத்தலோடு காத்து நின்றார்.

அவள் வேலைக்கு வந்த எட்டாம் மாதம் சங்கத் தலைவர் வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"யசிந்தா, உங்கடை வீட்டு விசயம் முழுக்க இப்ப எங்களுக்குத் தெரியும். மீன் எங்கை நிக்குதெண்டதுதான் தெரியேல்லை. நாளையிலயிருந்து வேறை ஆளைப் போடுறம், குறை நினைக்காதைங்கோ."

அந்நேரம் செற்றின் ஒலிவாங்கியைக் கழற்றித் திருத்திக்கொண்டிருந்தவன் பிரகாஸ். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் கடை வைத்திருப்பவன். தலைவர் போனபிறகும் யசிந்தா ஒரு சொல் சொல்லவில்லை. அழுதிருந்தாலும் அவன் பேசாமல் வேலையைப் பார்த்திருப்பான். யசிந்தா பேசாமல் இருப்பதைப் பார்க்கத்தான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, கதைக்கிறதுக்கெண்டே ஒரு லைசென்ஸ் இருக்கு, தெரியுமோ?" என்றான்.

"ஆர் குடுக்கிறது?"

"கவுண்மேந்து."

"எங்களைக் கதைக்கச் சொல்லிக் கவுண்மேந்து லைசென்ஸ் குடுக்குதோ? பகிடி விடாதையும் தம்பி."

அது பகிடி இல்லை. ஹாம் றேடியோ என்று ஒன்று இருக்கிறது என்று பிரகாஸ் விளக்கினான். சோதனை பாஸ்பண்ணினால் சொந்தமாகச் செற் வைத்திருக்கலாம், வீட்டுக்கு மேலே ஏரியல் கம்பி கட்டலாம், உலகத்தில் எந்த மூலையில் எவன் அகப்பட்டாலும் கதைக்கலாம். ஆதாயம் ஒன்றும் இல்லை, வெறும் ஆசைக்குச் செய்கிற வேலை. தன்னிடமும் அந்த லைசென்ஸ் இருக்கிறது என்றான். யசிந்தா வீட்டுக்குப் போகும்போதே அரைவாசி ஹாம் ஆகிவிட்டிருந்தாள்.

மின்சாரப் பாடத்தை மகள் லவீனாவின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தாள். மோர்ஸ்தான் மிரட்டியது. தட்டுகிற ஓசையிலேயே ஆங்கில எழுத்துக்களை அறிய வேண்டும்.

"பயப்பிடாதைங்கோ அக்கா. குறிலும் நெடிலுந்தான்," என்றான் பிரகாஸ். "தமிழிலை நெடிலுக்கு ரெண்டு மாத்திரை, இஞ்சை மூண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்."

அதன்பிறகு அந்த வீட்டில் தட்டுப்படாத பொருள் இல்லை. அகப்பையால் பானையில் தட்டினாள். தையல் மெசினை மிதித்து ஒரு எழுத்து, நிறுத்தி அடுத்த எழுத்து என்று தைத்ததில் லவீனாவின் சட்டைக் கரை மோர்ஸில் வந்தது. ஆறு மாதத்தில், படிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாத லவீனாவுக்கும் கிறகோரிக்கும் மோர்ஸ் பாடமாகிவிட்டது. கிறகோரிக்கு அது பிடித்தும் போனது. வாய் திறக்காமல் கதைக்க ஒரு வழி இருக்கிறதென்று நாற்பத்திமூன்று வயதுவரை ஒருவரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டின்போது மேசையில் விரலால் நிதானமாகத் தட்டினான். யசிந்தா எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். உப்புக் காணாது.

கொழும்பில் முதல்முறை எழுதிய சோதனையில் மோர்ஸ் பாஸ், சட்டத்தாள் பெயில். அவசியமற்ற நீண்ட உரையாடலைத் தவிர்க்க வேண்டும் என்ற கூற்று சரியா பிழையா என்று கேட்டிருந்தார்கள். யசிந்தா மனமறிந்து பிழை என்று எழுதிவிட்டு வந்தாள். அடுத்த முறை மனத்துக்கு விரோதமாகச் சரி என்று எழுதிப் பாஸ்பண்ணினாள்.

லைசென்ஸ் வருவதற்குமுன் பாதுகாப்பு விசாரணைக்கென்று அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கேட்டார், மற்றவர் எழுதினார்.

"ஆரோடை கதைக்கப்போறியள்?"

"ஆர் வந்தாலும்."

"ஆரெண்டு தெரியாத ஆளோடையோ?"

"தெரிஞ்ச ஆளெண்டால் போன் எடுப்பன்தானே ஐயா."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்திவிட்டு இதை எப்படி எழுதுவது என்ற மாதிரி மற்றவரைப் பார்த்தார். யசிந்தா விடவில்லை. பால் விடாத பிளேன்ரீ கொடுத்து, அவர்களுடைய ஊர், பிள்ளைகள், மூத்தவரின் முழங்கால் வலி எல்லாவற்றையும் விசாரித்தாள். இரண்டு மணித்தியாலம் கழித்து வெளியேறும்போது, இந்த அம்மா கதைக்கத்தான் செற் கேட்கிறா என்பதில் அவர்களுக்கு எள்ளளவு சந்தேகமும் இருக்கவில்லை.

செற் பிரகாஸ் தேடித்தந்த பழையது. கம்பியை யசிந்தாவே கட்டினாள். கூரையிலிருந்து தென்னைக்கு, தங்கூசி நைலோன் நூலில், வலைக்காரர் போடும் முடிச்சால். பக்கத்து வீட்டு லூர்த்தம்மா அதைக் கொடி என்று நினைத்து இரண்டு சாரம் காயப்போட்டாள். எடுக்கச் சொன்னபோது, "சும்மா கிடக்கிற கம்பிதானே" என்று ஒரு கிழமை முகம் கொடுக்காமல் இருந்தாள்.

முதல் நாள் எல்லோரும் செற்றைச் சுற்றி நின்றார்கள். யசிந்தா மூன்று முறை அழைப்புக் கொடுத்தாள். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு வயதான ஆணின் குரல், லைசென்ஸில் அவளுக்குக் கொடுத்திருந்த அழைப்புக்குறியைத் திருப்பிச் சொன்னது. இத்தாலி, ஜெனோவாவுக்குப் பக்கத்து ஊர், பெயர் ரென்சோ.

யசிந்தாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிரகாஸ் கையைக் காட்டினான். லவீனா தாளில் எழுதிக் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மனைவி பேச்சிழந்து நிற்பதைக் கிறகோரி கல்யாணம் முடித்த நாளிலிருந்து அன்றுதான் பார்த்தான். வாசலுக்குப் போகவிருந்தவன் நின்றுவிட்டான்.

கடைசியில் அவள் பொத்தானை அமத்தி, "சாப்பிட்டாச்சோ?" என்றாள், சுத்தத் தமிழில்.

ரென்சோ மறுபடி சொல்லச் சொன்னார். யசிந்தா ஆங்கிலத்தில் கேட்டாள். நாற்பது வருசமாக வானொலியில் இருக்கிறேன், எல்லோரும் சிக்னல் எப்படி என்றுதான் கேட்பார்கள், இதை ஒருவரும் கேட்டதில்லை என்றார் அவர். பிறகு மத்தியானம் தான் வைத்த மீன் சூப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இருபத்திரண்டு நிமிசம் போனது.

மற்றவர்கள் எல்லோரும் ரென்சோ இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பெரும்பாலானோர் சிக்னல் எண்ணையும் பெயரையும் சொல்லி, வணக்கம் வைத்து, அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள்.

"உதென்ன கதை," என்றாள் யசிந்தா. "பஸ்ஸிலை போறவன் கையைக் காட்டின மாதிரி."

ஆனாலும் விடவில்லை. நாலு வருசத்தில் எழுபது நாடுகள் சேர்ந்தன. கதைப்பிரியர்கள் உலகமெங்கும் கொஞ்சப்பேர் இருந்தார்கள். அவர்களை அவள் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தாள். சிக்னல் கெட்டுக் குரல் எடுபடாத நாட்களில் மோர்ஸில் தட்டினாள்.

அப்படி ஒரு நாளில்தான் அது நடந்தது. கோயில் திருநாளுக்கு முந்திய ஒன்பது நவநாட்களில் ஒன்று, பின்னேரப் பூசை. தனக்குக் காய்ச்சல் என்று சொல்லி யசிந்தா வீட்டில் நின்றுவிட்டாள். கோயில் அவர்களுடைய வீட்டிலிருந்து மூன்றாவது மதில். பங்குத்தந்தை பாதர் ஜெரோசன் நாவடக்கம் பற்றிப் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தபோது, ஒலிபெருக்கி டுப், டுப் என்று இடித்தது. பிறகு நிறுத்தி, நீட்டி, மறுபடி இடித்தது. ஒலிபெருக்கிக்காரர் எல்லா வயரையும் ஆட்டிப் பார்த்தார். சனம் ஆளையாள் பார்த்தது.

அந்தக் கோயிலில் அந்த மோர்ஸை வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஆண்கள் பக்கத்தில் இருந்த கிறகோரி தலையைக் குனிந்து செருப்பில்லாத தன் கால்விரல்களை எண்ணத் தொடங்கினான். பாடகர் குழாமில் நின்ற லவீனா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒலிபெருக்கி ரென்சோவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது: பாதர் பிரசங்கம் நீளம். முக்கால் மணித்தியாலம். எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

வீட்டுக்கு வந்து லவீனா சொன்னதும் யசிந்தாவுக்கு உண்மையிலேயே காய்ச்சல் காய்ந்தது. அடுத்த நாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். அங்கே நடந்ததை வெளியே சொல்லக்கூடாதென்ற கட்டுப்பாடு பாதருக்குத்தான், அவளுக்கில்லை. ஆகவே ஊருக்கே தெரியும்.

"பாதர், நேற்றுப் பூசையிலை இடிச்ச சத்தம் என்ரை செற்றாலை வந்தது. நான் மோர்ஸிலை தட்டினது கோயில் வயரிலை ஏறியிட்டுது."

"அது பாவமில்லை. தெரியாமல் நடந்ததுதானே."

"ஓம் பாதர்."

"அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் ஏதும் இருந்ததோ?"

வேறு எங்கேயாவது கேட்டிருந்தால் யசிந்தா ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். அது பொய் சொல்லுகிற இடம் இல்லை. சொன்னாள்.

மறைப்புக்கு அந்தப் பக்கம் கதிரை கிறீச்சிட்டது.

"முக்கால் மணித்தியாலமோ? நான் அரை மணித்தியாலமெண்டெல்லோ நினைச்சன்," என்றார் பாதர்.

காய்ச்சல் பொய்க்குப் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் செபிக்கச் சொன்னார். ஒலிபெருக்கியை இனி இடிக்காமல் பண்ணுவது தனி. யசிந்தாவும் பிரகாஸும் ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து கோயில் வயர்களில் காந்த வளையங்கள் மாட்டிச் சத்தத்தை நிறுத்தினார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த பாதருக்குத் தானும் கதைத்துப் பார்க்க ஆசை பிடித்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து நேரே யசிந்தாவின் வீட்டுக்கு வந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பிலிப்பைன்ஸில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அகப்பட்டார், அவரும் கத்தோலிக்கர். யசிந்தா தன் அழைப்புக்குறியைச் சொல்லி, பாதரை அறிமுகம் செய்து, ஒலிவாங்கியை நீட்டினாள். பாதர் முதலில் கூச்சப்பட்டார். பிறகு திருநாளைப் பற்றிச் சொன்னார், கொடியேற்றத்தைப் பற்றிச் சொன்னார், தேர் சோடிக்கிற விதத்தைச் சொன்னார். பொத்தானிலிருந்து விரலை எடுக்கவேயில்லை. அதை அமத்தியிருக்கும்வரை அந்தப் பக்கத்துக் குரல் கேட்காது.

பத்து நிமிசம் கழித்து ஒருதரம் மூச்சு வாங்க விரலை எடுத்தார். செற்றில் வெறும் இரைச்சல். சிக்னல் செத்துவிட்டிருந்தது, வாத்தியார் போய் எவ்வளவு நேரமோ தெரியாது. யசிந்தாவுக்கு அது உடனே விளங்கியது. பாதருக்கு விளங்கவில்லை. வாத்தியார் கவனமாகக் கேட்கிறார் என்று நினைத்து மறுபடி பொத்தானை அமத்தி, தேரில் சுரூபம் சுற்றிவரும் தெருக்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்.

லவீனா வாய் திறக்கப் போனாள். யசிந்தா கண்ணால் மறித்தாள். மேசையில் மீன்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. கிறகோரி கதிரைக் கையில் விரலால் மெதுவாகத் தட்டினான்: பசிக்குது.

பொறுங்கோ, என்று யசிந்தா திருப்பித் தட்டினாள். மனுசன் சந்தோசமாய்க் கதைக்குது.