ஒழுகாமலே காஞ்சுபோன ரேடியேட்டரு

1. மேட்டுல நின்ன வண்டி

வண்டி கொதிச்சி நின்னா மொதல்ல கீழ குனிஞ்சி பாக்கணும். எங்கயாவது சொட்டுதா, தரையில ஈரம் இருக்குதான்னு. அதத்தான் எல்லாரும் செய்வாங்க, நானும் அதத்தான் செஞ்சேன். திருத்தணிலேர்ந்து அரக்கோணம் போற ரோட்டுல ஒரு மேடு வரும். ஆடி மாசம், ஆனா வெயிலு சித்திர மாதிரி. அந்த மேட்டுல மண்ணுல மல்லாக்கப் படுத்து வண்டிக்கடியில பூந்து பாத்தேன். ஒரு சொட்டு இல்ல. எழுந்து சாக்குத்துணி போட்டு ரேடியேட்டர் மூடியத் தெறந்தா, புஸ்ஸுனு ஆவி வந்துது, அப்பால உள்ள காஞ்சி கெடக்குது. அந்த வாரத்துல அது நாலாவது தடவ.

அது ரெண்டாவது உலகச் சண்ட நடந்துகினு இருந்த காலம். பெட்ரோல் கெடைக்காது, பஸ்ஸெல்லாம் கரியில ஓடிச்சி. வண்டி பின்னாடி ஆளு ஒசரத்துக்கு ஒரு ட்ரம்மு இருக்கும். அதுல அடுப்புக்கரி கொட்டி, பத்தவெச்சி, கையால ஃபேன் சுத்தினா அரமணி நேரத்துல கேஸ் வரும். அந்த கேஸ்லதான் இன்ஜின் ஓடணும். பெட்ரோல்ல இருந்த இழுப்பு பாதிகூட இருக்காது. மேடு வந்தா ஜனங்க எறங்கி நடப்பாங்க, வாலிபப் பசங்க தள்ளுவாங்க. எனக்கு சட்ட, வேட்டி, தலமுடி எல்லாம் கரி நாத்தம். கல்யாணத்துக்குப் போனாகூட பக்கத்துல குந்துறவன் மூக்கச் சுளிப்பான். வண்டியும் ரொம்பப் பழசு, அமெரிக்கா இன்ஜின். நான் அந்த ஷெட்டுக்கு மெக்கானிக்கா வர்றதுக்கு முன்னாடியே அது ஒரு ஜென்மம் ஓடி முடிச்சிடிச்சி. சரி, எங்கயோ பூட்டேன், மேட்டுக்கு வரேன்.

ஓட்டினவரு எல்லப்பன். எங்க அக்கா வூட்டுக்காரு, எங்க பக்கம் பாவான்னு கூப்புடுவோம். மொதலாளிகிட்ட சொல்லி என்ன அந்த ஷெட்டுல சேத்துவுட்டதே அவருதான். அன்னைக்கு மொதலாளி முன் சீட்டுல குந்திகினு இருந்தாரு, மெட்ராஸுக்கு ரயில் புடிக்கணும். பின்னாடி முப்பது பேரு, முக்காவாசி பேரு சாமி கும்புட்டுட்டு மொட்டத் தலையில சந்தனம் பூசிகினு ஊருக்குத் திரும்புறவங்க. அவங்களுக்கும் அதே ரயிலு. எல்லாரும் எறங்கி ரோட்டோரமா நின்னுகினு வாய்க்கு வந்தத பேசிகினு இருந்தாங்க. ஒருத்தரு, கரி வண்டின்னு சொன்னாங்க, சோறும் ஆக்குவாங்கன்னு சொல்லவே இல்லியேன்னாரு. ஒரு அம்மா, அரிசி இருந்தா போடுங்கப்பா, தண்ணி கொதிக்குதேன்னுச்சி.

மொதலாளி என் கிட்ட வந்து கேட்டாரு, "எங்கடா ஓட்ட?"

"ஓட்ட எதுவும் இல்லீங்க."

"அப்ப தண்ணி எங்க போச்சு?"

எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லிட்டிருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா அதே ரேடியேட்டருக்கு அந்த மாசத்துல ரெண்டு தடவ ஈயம் வெச்சிருந்தேன், ஹோஸ் பைப்பு புதுசா மாத்தியிருந்தேன். இன்னும் தெரியலன்னா நான் எதுக்கு மெக்கானிக்கு? அப்பறம் இன்னொண்ணு. மச்சானும் மாமனும் சேந்துகினு ஒருத்தர ஒருத்தரு மூடி மறைக்கிறாங்கன்னு ஷெட்டுல ஏற்கனவே ஒரு பேச்சு இருந்தது. அது என் மனசுல முள்ளு மாதிரி. முப்பது பேரு பாத்துகினு இருக்கச்சொல்ல வாய் தானா தெறந்துகிச்சி.

"கெளம்பச்சொல்ல தண்ணி ஊத்தியிருக்க மாட்டாருங்க" ன்னு சொல்ட்டேன்.

பாவா என்ன ஒரு பார்வ பாத்தாரு. மொதலாளி பக்கம் திரும்பி, "ஊத்தினேங்க" ன்னாரு. அவ்ளோதான். சண்ட போடல, சத்தியம் பண்ணல. பானையில இருந்த குடிதண்ணியெல்லாம் ஊத்தி வண்டியக் கொண்டுபோய் அரக்கோணத்துல சேத்தோம். ரயிலு போயிடிச்சி. மொதலாளி ஸ்டேஷன் வாசல்ல வெச்சி, நாளையிலேர்ந்து நீ வர வேணாம் எல்லப்பான்னு சொன்னாரு.

2. அக்கா வந்து நின்னது

டிரைவருக்கு வேல போனா வேற வண்டிக்குப் போயிடலாம்னு நெனைப்பீங்க. அந்தக் காலத்துல நம்ம பக்கம் ஓடினது நாலஞ்சி வண்டி, மொதலாளிங்க ஒருத்தருக்கொருத்தரு தெரிஞ்சவங்க. தண்ணி ஊத்தாம இன்ஜின எரிச்சவன்னு ஒருத்தன் மேல பேரு வந்துட்டா அப்பால எவனும் ஸ்டீரிங்க தொடவுட மாட்டான். ஆயுசுக்கும் அதோட சரி. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் சொன்னேன்.

ரெண்டு நாள் கழிச்சி அக்கா ஷெட்டு வாசலுக்கு வந்தா. உள்ள வரல.

"ஏண்டா, உங்க பாவா தண்ணி ஊத்தாம வண்டிய எடுக்கிற ஆளாடா?"

நான் ஸ்பானர தொடச்சிகினு இருந்தேன், தலய நிமித்தல. அவரு மணவூர் பக்கம் வரப்பு வெட்டப் போயிகினு இருக்காரு, கையெல்லாம் கொப்பளம்னு சொன்னா. அப்பால பூட்டா. அதுக்கப்பறம் என் வூட்டுப் பக்கம் அவ வரல.

அன்னைலேர்ந்து ஒரு எடத்துல குந்த முடியல. சாப்புட குந்துனா எழுந்துப்பேன். படுத்தா காலு சும்மா இருக்காது.

வண்டிய காதர் பாய் ஓட்ட வந்தாரு. நல்ல மனுஷன், வாயில எப்பவும் ஒரு பாட்டு. மொத நாள் காலைல நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். ரேடியேட்டர் வாய் வழியறவரைக்கும் ஊத்தினாரு. கூடவே நானும் ஏறிக்கினேன். அதே மேடு, அதே எடம், கொதிச்சி நின்னுச்சி. மூடியத் தெறந்தா காஞ்சி கெடக்குது.

காதர் பாய் சிரிச்சிகினே, "இப்ப என்ன சொல்லப்போற கோயிந்தா? நானும் ஊத்தல, அப்டியா?" ன்னு கேட்டாரு. அவரு வெளையாட்டாத்தான் கேட்டாரு. பாவா ஊத்தியிருக்காரு. நான் சொன்னது பொய்யி.

ஒடனே போய் மொதலாளிகிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. மொதல்ல எங்கன்னு கண்டுபுடிச்சிடலாம், அப்பால சொல்லலாம்னு நெனச்சேன். ஆடிக் கிருத்திகைக்கு ஆறு நாள் இருந்தது. கிருத்திக அன்னைக்கு அரக்கோணம் ஸ்டேஷன்ல எறங்குற கூட்டம் இருக்குதே, அத ஏத்திகினு வர்றதுக்கு வண்டி நாள் பூரா நிக்காம ஓடணும்.

3. தேடினது

இன்ஜினுக்கும் அது மேல மூடியிருக்குற ஹெட்டுக்கும் நடுவுல இருக்குற கேஸ்கெட் போயிருந்தா தண்ணி உள்ள எறங்கி ஆயில்ல கலந்துடும். ஆயில் மோர் மாதிரி வெளுத்துப் போவும். ஆயில் அளவு பாக்குற ராடு எடுத்துப் பாத்தேன், கருப்பா நல்லாத்தான் இருக்குது. ஹெட்டுல கீறல் வுட்டிருந்தா பிளக்கு நனஞ்சிருக்கும். ஆறு பிளக்கும் காஞ்சிருக்குது. வாட்டர் பம்பக் கழட்டினேன், தண்ணிய தள்ளுற எலை நல்லா இருக்குது. ஃபேன் பெல்ட்டு டைட்டு.

கசிவு கண்ணுக்குத் தெரியாம இருந்தா அதுக்கு ஒரு வழி வெச்சிருந்தேன். எல்லா ஜாயிண்ட்டு மேலயும் விபூதிய தூவிவுட்டு வண்டிய ஓட்டுவேன். துளி ஈரம் இருந்தாலும் விபூதி கருத்துக் கோடு போட்டுடும். அன்னைக்கு தூவி மேடு வரைக்கும் போயி பாத்தா, ரேடியேட்டரு, ஹோஸு, பம்பு எல்லாம் வெள்ளையா பண்டாரம் மாதிரி நிக்குது. ஒரு கோடு இல்ல. காதர் பாய், இன்ஜினுக்கு காவடி ஒண்ணுதான் பாக்கின்னாரு.

மூணு நாள் போயிடிச்சி. நாலாவது நாள் அதே மேட்டுல நின்னப்போ, வேற என்ன செய்யறதுன்னு தெரியாம ரேடியேட்டர் மூஞ்சில கைய வெச்சேன். மேல வெக்க முடியல, தோலு உரிஞ்சிடும். கொஞ்சம் கீழ வெச்சேன். திரும்பவும் வெச்சேன். மண்பானைய தொட்ட மாதிரி ஜில்லுனு இருக்குது. மேல கொதிக்கிற தண்ணி கீழ எறங்கியிருந்தா கீழயும் சூடு இருக்கணும் இல்ல? தண்ணி எறங்கவே இல்ல.

ஷெட்டுக்கு வந்ததும் ரேடியேட்டரக் கழட்டி, ப்ளோ லாம்ப் வெச்சி ஈயத்த உருக்கி, மேல் டேங்கத் தெறந்தேன். உள்ள இருந்து தண்ணி வந்துருந்தா நல்லா இருந்திருக்கும். மயிரு வந்துது. தலமயிரு. மஞ்சளும் சந்தனமும் சேறும் சேந்து, கம்பளி மாதிரி பின்னிகினு, கீழ எறங்குற குழாய் வாயெல்லாத்தையும் மூடிகினு கெடக்குது. ஸ்க்ரூ ட்ரைவர வுட்டு இழுத்தா மொத்தமா ஒரே துண்டா வந்துது. கையில வெச்சிகினு அப்டியே தரையில குந்திட்டேன்.

எப்டின்னு ஒடனே தெரிஞ்சிடிச்சி. அதான் குந்தினேன்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுல இருந்த கெணறு அந்த சித்திரையில வத்திப்போச்சி. அப்போலேர்ந்து வண்டிக்கு மல அடிவாரத்து கொளத்துலதான் தண்ணி மொண்டு ஊத்தினோம். மொட்ட அடிச்சிக்கிறவங்க நேரா எறங்கி முழுகுற கொளம். பாவா வேற எவனையும் நம்ப மாட்டாரு, அவரே பக்கெட்டு தூக்கினு வருவாரு. தோள்ல இருக்குற துண்ட ரேடியேட்டர் வாயில போட்டு, வடிகட்டித்தான் ஊத்துவாரு. ஒரு நாள் ஸ்டாண்டுல பத்து பேரு இருக்கச்சொல்ல நான் கிண்டல் பண்ணேன். முருகன் தீர்த்தத்தயே வடிகட்டுற மொத ஆளு நீதான் பாவா, சாமி தண்ணியில உனக்கு என்ன அழுக்கு தெரியுதுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு கெழவரு, பாவம்பா அதுன்னு கன்னத்துல போட்டுகினாரு. பாவா துண்ட எடுத்து தோள்ல போட்டுகினாரு. அதுக்கப்பறம் அவரு வடிகட்டினத நான் பாக்கல. வைகாசி, ஆனி, ஆடி. மூணு மாசத்து மயிரு.

தண்ணி காணாமப் போனதும் புரிஞ்சிது. கீழ எறங்க வழி இல்லாத தண்ணி மேலயே கொதிக்கும். கொதிச்சி ஓவர்ஃப்ளோ பைப்பு வழியா வெளிய பூடும். ஓடுற வண்டியில ரோட்டு புழுதிதான் அத குடிக்கும். நின்னப்பறம் கீழ குனிஞ்சி பாத்தா என்ன தெரியும்?

4. சொன்னது

அந்த மயிரு உருண்டைய பேப்பர்ல சுத்திகினு மொதலாளி வூட்டுக்குப் போனேன். அவரு சாப்புட்டு வெத்தல போட்டுகினு இருந்தாரு. பிரிச்சிக் காட்டினேன். எல்லாத்தையும் சொன்னேன், துண்டு கிண்டல் பண்ணதையும் சேத்து.

"அன்னைக்கு தெரியலன்னு சொல்றதுக்கு என்னடா?" ன்னு கேட்டாரு.

எல்லப்பன நீயே போய் கூட்டியா, அவன் வரலன்னா நீயும் வர வேணாம்னு சொல்லிட்டு எழுந்து உள்ள பூட்டாரு.

மணவூருக்கு நடந்துதான் போனேன். பாவா முட்டியளவு சேத்துல நின்னு வரப்பு கட்டிகினு இருந்தாரு. வரப்பு மேலயே நின்னு சொன்னேன். மண்வெட்டிய நிறுத்தாமலே கேட்டாரு. நான் சொல்லி முடிச்சப்பறம்தான் நிமிந்தாரு.

"மொதலாளிகிட்ட சொன்னது சரி. வண்டியில அன்னைக்கு முப்பது பேரு கேட்டாங்களே, அவங்ககிட்ட யார்ரா சொல்லுவான்?"

அவங்க எந்தெந்த ஊரோ பாவா, எங்க போய் தேடறதுன்னேன். அது உன் பாடுன்னு சொல்லிட்டு திரும்ப குனிஞ்சிகினாரு. நான் போவல. அங்கியே நின்னேன். பொழுது சாயறதுக்கு முன்னாடி அவரா மண்வெட்டிய கழுவி தோள்ல போட்டுகினு, காலைல ஸ்டேஷனுக்கு வண்டிய கொண்டாரச் சொல்லுன்னாரு.

கிருத்திக அன்னைக்கு மொத ட்ரிப்பு. அரக்கோணம் ஸ்டேஷன் வாசல்ல வண்டி நெரம்பி வழியுது, காவடிங்க மேல கட்டியிருக்குது. பாவா ஸ்டீரிங்குல குந்திகினு வண்டிய எடுக்கல. எனக்குப் புரிஞ்சிது. ஃபுட்போர்டுல ஏறி நின்னு சத்தமா சொன்னேன். போன வாரம் இந்த வண்டி மேட்டுல நின்னுது, தண்ணி ஊத்தலன்னு நான் இவரு மேல பழி போட்டேன், தப்பு என்னுது, இவரு ஊத்தினாருன்னு.

உள்ள இருந்து ஒரு பெரியவரு, "சரிப்பா, யாரு ஊத்தினா என்ன, இப்ப தண்ணி இருக்குதா? வண்டிய எடு" ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. பாவாவும் சிரிச்சிட்டாரு. வண்டி கெளம்பிச்சி.

மேடு வந்துது. நான் அவரு பக்கத்துல குந்திகினு மூடியவே பாத்துகினு இருந்தேன். ஃபர்ஸ்ட் கியர்ல, கரி கேஸ்ல, மொனகிகினே ஏறிச்சி. ஆவி வரல. உச்சி தாண்டி எறக்கத்துல கியர மாத்தச்சொல்ல பாவா ரோட்டப் பாத்துகினே சொன்னாரு.

"ஒரு மாசமா நான் பாத்துகினுதாண்டா வரேன். வண்டி கொதிச்சி நிக்கும், கை கழுவ ரேடியேட்டர் அடி டேப்ப தெறந்தா, கொஞ்சூண்டு தண்ணி வரும். ஜில்லுனு வரும். இது என்னடா அதிசயம்னு நெனைப்பேன்."

"ஏன் பாவா எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்கடா கேட்ட? நேரா வண்டிக்கு அடியில பூந்துட்ட."

நாலு நாள் நான் கழட்டி மாட்டினதுக்கெல்லாம் பதிலு அந்த மனுஷன் வாயில இருந்துருக்குது. அன்னைலேர்ந்து எந்த வண்டி வந்தாலும் நான் பானட்ட தொடமாட்டேன். ஓட்டினவன மொதல்ல குந்த வெச்சி கேப்பேன். எங்க சூடு, எங்க ஜில்லுனு இருந்துது, என்ன சத்தம், எப்போலேர்ந்து. அவன் சம்பந்தமில்லாம நூறு கத சொல்லுவான். சொல்லட்டும், பேச வுடுன்னுதான் வேல கத்துக்க வர்ற பசங்ககிட்டயும் சொல்றேன். அவன் மேல தப்பு இருக்குமான்னு பாக்காத. அவன் கை அந்த வண்டி மேல தெனம் பட்டுகினு இருக்குது, உன் கை இப்பதான் படுது.