பூண்டு சூப் குடிக்காத மணியம்

1. மூன்றரை மணி ஃபோன்

ஜொகூர் மாநிலத்தில் கூலாய் என்கிற ஊரில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் என் டிராவல் ஆபீஸ். அன்றைக்கு மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். காசிக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட் நகல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஃபோன் வந்தது. நேப்பாளத்தில் எங்கள் குழுவை மலைக்குக் கூட்டிப்போயிருந்த கைடு பூர்பா. அவர் மெசேஜ் போடுவாரே தவிர ஃபோன் பண்ணமாட்டார். நகல்களைத் தள்ளிவைத்துவிட்டு எடுத்தேன்.

"மேடம், மணியம் சார் நாட் குட். ஹெட் பெயின், வாமிட். வாக்கிங் லைக் ட்ரங்க். ஐ சே கோ டவுன். ஹி சே நோ."

இந்தத் தொழிலில் எனக்கு இருபத்தாறு வருடம். காசி, ராமேஸ்வரம், அறுபடை வீடு என்று யாத்திரை நடத்தித்தான் ஆரம்பித்தேன். பிறகு ஜனங்கள் ஃபோனில் மலை வீடியோ பார்க்கத் தொடங்கினார்கள். "அக்கா, பனிமலைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று வந்து நின்றார்கள். நானும் இரண்டு தடவை மலை ஏறி, மூச்சு வாங்கி, மூக்கில் ரத்தம் வந்து, வேலையைக் கற்றுக்கொண்டேன்.

இப்போது தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் இமயமலை டிரிப் எப்படிப் பிளான் பண்ணுவது என்று என்னைக் கேட்கிறார்கள். டிக்கெட், விசா, சீதோஷ்ணம் எல்லாம் ஃபோனே சொல்லிவிடும். அது சொல்லாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் மணியத்தின் கதையை எழுதுகிறேன். மணியத்திடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2. லம்பாக் ஏறினால் இமயமலை ஏறலாமா

மணியத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. செனாயில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். மனைவி லெட்சுமியோடு ஆபீசுக்கு வந்து ஃபோனை நீட்டினார். மலைகளுக்கு நடுவே கறுநீலத்தில் ஓர் ஏரி. கோசாயிகுண்டம். விஷத்தைக் குடித்த சிவபெருமான் தொண்டை எரிச்சல் தாங்காமல் சூலத்தால் மலையைக் குத்தினாராம், அதில் வந்த தண்ணீர்தான் அந்த ஏரி என்று அங்கே சொல்வார்கள். நாலாயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேலே, தமாங் ஜனங்களின் சின்னச் சின்னக் கிராமங்களைத் தாண்டி நடந்து போகவேண்டும்.

"என் பையன் குமரன் மோட்டார் சைக்கிள்ல சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறப்ப லோரி அடிச்சிருச்சுக்கா. பதினோரு நாளு ஐ.சி.யூ. நான் வெளிய பெஞ்சில ஒக்காந்திருந்தேன். தூக்கம் வரல, ஃபோனத் தள்ளிக்கிட்டே இருந்தேன். இந்த ஏரி வந்துச்சு. சாமி, இவன் எந்திரிச்சிட்டா நான் அங்க வந்து தலை முழுகுறேன்னு வேண்டிக்கிட்டேன். எந்திரிச்சிட்டான்லா."

மணியம் தனியாக வரவில்லை. சிம்பாங் ரெங்கத்திலும் லாபிஸிலும் இருந்த சொந்தக்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள் என்று இன்னும் ஒன்பது பேரைச் சேர்த்துவிட்டார். பயிற்சிக்காக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குளுவாங்கில் ஐந்நூறு மீட்டர் உயர லம்பாக் மலை ஏறினார்கள். ஏறி இறங்கி ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, இமயமலையையே பார்சல் கட்டி வாங்கிக்கொண்டு வந்தவர்கள் மாதிரி என் ஆபீசில் பேசினார்கள்.

பயணத் திட்டத்தைக் கையில் கொடுத்ததும் சண்டை ஆரம்பித்தது.

"என்னாக்கா இது, ஏறுன மூணாம் நாளே ரெஸ்ட்னு போட்டிருக்கீங்க? கடைசியில வேற ஒரு நாளு சும்மா கெடக்கு. கம்பெனியில லீவு குடுக்கிறதே பெரிய பாடு. இந்த ரெண்டையும் வெட்டுங்கலா."

"மணியம், ரெஸ்ட் காலுக்கு இல்ல. அங்க காத்து கம்மி, அதுக்கு ஒடம்பு பழகணும். கடைசி நாளு, யாருக்காவது முடியாமப் போனா கையில இருக்கட்டும்னு வச்சது. ரெண்டையும் வெட்ட மாட்டேன். வேணும்னா வேற ஆபீஸ் பாத்துக்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஹெலிகாப்டர் செலவையும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுக்க வைத்தேன். எல்லோரிடமும் ஃபாரம் வாங்கினேன். பிரஷர், சர்க்கரை, ஆஸ்துமா, என்ன மருந்து, என்ன சாப்பாடு. மணியம் சாப்பாட்டுக்கு நேரே 'சைவம்' என்று எழுதியிருந்தார். டிக் போட்டேன். பூர்பாவுக்கும் அப்படியே எழுதி அனுப்பினேன். என்னை மாதிரி கவனமாகப் பிளான் பண்ணுகிறவர்கள் ஜொகூரிலேயே கிடையாது என்று ஒரு நினைப்பு எனக்கு.

3. நேர்க்கோட்டில் நடக்கமுடியவில்லை

பூர்பா ஃபோன் பண்ணியது லௌரிபினாவில் இருந்து. நாலைந்து தங்கும் விடுதிகள் மட்டும் உள்ள மலைமுகடு. மறுநாள் காலையில் புறப்பட்டால் ஏரி.

உயரத்தில் ஒருவர் தள்ளாடுகிறார் என்றால் முதலில் ஒரு சோதனை செய்யவேண்டும். தரையில் கோடு போட்டு, குதிகாலும் விரலும் தொடுகிற மாதிரி அதன் மேல் நடக்கச் சொல்லவேண்டும். செய்யச் சொன்னேன். மூன்றாவது அடியிலேயே மணியம் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார் என்றார் பூர்பா. அந்த நிலைமையில் ஆளைப் படுக்கவைத்து, பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. மூளை வீங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உடனே இறக்கவேண்டும்.

ஹெலிகாப்டர் வருமா என்று கேட்டேன். மேகம் மூடிக்கிடக்கிறது, வராது என்றார். ஃபோனை மணியத்திடம் கொடுக்கச் சொன்னேன்.

"அக்கா... நாளைக்குக் காலையில ஏரி." நாக்கு குழறியது. "என் பிள்ளைக்கு வேண்டினதுக்கா. பாதியில திரும்பச் சொல்லாதீங்க."

"மணியம், இப்படியே மேல போனீங்கன்னா செத்துப்போவீங்க. நான் சும்மா பயமுறுத்தல. இப்பவே எறங்குங்க."

"சாமி பாத்துக்குவாரு."

இருபத்தாறு வருடமாகச் சாமியை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவள் நான். லெட்சுமியிடம் கொடுக்கச் சொன்னேன். லெட்சுமி கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, அழுதுகொண்டே சொன்னார்.

"அக்கா, அவரு மூணு நாளா ஒழுங்கா சாப்புடவே இல்ல."

"ஏன்? சைவம்னு சொல்லித்தானே அனுப்புனேன்?"

"சைவந்தான்க்கா. ஆனா எல்லாத்துலயும் பூண்டு, வெங்காயம். அவரு காவடிக்கு இருக்கிற மாதிரியே நாப்பத்தெட்டு நாளு வெரதம் இருக்காரு. பூண்டு தொடமாட்டாரு. அந்தக் கைடு தெனம் ரெண்டு வேள பூண்டு சூப்பு குடுக்குது. இவரு வாங்கி என் பக்கம் தள்ளிவிட்டுருவாரு. பிஸ்கட்டும் ரெண்டு வாய் தண்ணியுந்தான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

அந்த மலைகளில் உயரத்துக்குப் பூண்டு சூப் கொடுப்பது வழக்கம். பூண்டுக்கு அந்தச் சக்தி உண்டோ இல்லையோ, சூடாகத் தண்ணீரும் உப்பும் வயிற்றுக்குள் போகும். பூர்பா காலிக் கிண்ணத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறார். நான் டிக்கைப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறேன்.

தைப்பூசம் வந்தால் தெருவுக்கு நான்கு பேர் காவடி எடுக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். வேண்டுதலோடு போகிற மனுஷன் விரதம் இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பூர்பாவுக்குத் தெரியாதது நியாயம். எனக்கு என்ன கேடு? என் மண்டையில் நானே அடித்துக்கொண்டேன்.

4. பேக் முன்னால், ஆள் பின்னால்

யாத்திரைத் தொழிலில் ஒரு பழைய வித்தை உண்டு. காசியில் படித்துறையை விட்டு வரமாட்டேன் என்று சிலர் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களிடம் வாதாடக்கூடாது. பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிடவேண்டும். பேச்சுக்கு மசியாதவர்கள் பெட்டிக்குப் பின்னால் ஓடிவருவார்கள்.

மணியத்தின் பேக்கில் என்ன இருக்கிறது என்று லெட்சுமியைக் கேட்டேன். தலை முழுகிவிட்டுக் கட்ட புது வேட்டி, விபூதி, ஆஸ்பத்திரியில் குமரன் கையில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டை. போதும் என்றேன்.

பூர்பாவுக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். பேக்கை நீ தூக்கிக்கொள். கீழே நட. திரும்பிப் பார்க்காதே. உன் உதவியாளர் ஒருவர் மணியத்தைத் தாங்கிக்கொள்ளட்டும், இன்னொருவர் மற்ற ஒன்பது பேரோடு அங்கேயே இருக்கட்டும். லெட்சுமியிடமும் சொன்னேன்: "நீங்களும் பேக்குக்குப் பின்னாலயே நடங்க. அவரு கூப்புட்டாலும் நிக்காதீங்க."

ஃபோன் திறந்தபடியே இருந்தது. முதலில் காற்றுச் சத்தம். பிறகு மணியத்தின் குரல்.

"ஏய், என் பேக்கு! எங்க தூக்கிட்டுப் போற? அதுல என் பிள்ளையோட... ஏய், லெட்சுமி!"

கல்லில் பூட்ஸ் உரசுகிற சத்தம் கேட்டது. ஆள் நகர்ந்துவிட்டார். அத்தோடு லைன் கட்டாகிவிட்டது.

5. குமரன் கேட்டது

கீழே இருக்கிற சந்தன்பாரி கிராமத்துக்கு இறங்க இரண்டு மணி நேரம் ஆகும். தள்ளாடுகிற ஆளோடு என்றால் இன்னும் கூட ஆகும். வழியில் லைன் கிடைக்காது. குமரனுக்கு ஃபோன் பண்ணினேன். இப்போது அவன் கூலாயிலேயே ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். இருபது நிமிடத்தில் வந்துவிட்டான். ஒரு காலை இழுத்து இழுத்துப் படி ஏறும் சத்தம் கேட்டது.

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "தப்பு என் மேலதான் தம்பி. ஃபாரத்துல நான் கேட்டிருக்கணும்."

"நான் வீட்டுலயே இருக்கேன்க்கா. ஒரு வேள சாப்புடுறாருன்னு தெரியும். மலையில என்ன செய்வாருன்னு நானும் கேக்கல."

தேத்தண்ணி வாங்கி வைத்தேன், ஆறிப்போனது. அவன் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"அன்னைக்கு நான் உள்ள படுத்திருந்தேன், அப்பா வெளிய ஒக்காந்திருந்தாரு. இப்படித்தான் இருந்திருக்குமாக்கா அவருக்கு? பதினோரு நாளும்?"

"ஆமாப்பா" என்றேன்.

ஆறரை மணிக்கு லெட்சுமி ஃபோன் பண்ணினார்.

"வந்து சேந்துட்டோம்க்கா! தலைவலி கொறஞ்சிருச்சு. கோட்டு மேல நடக்க வச்சோம், நேரா நடக்குறாரு. வெரதம் போச்சே, வேண்டுதல் போச்சேன்னு ஒரு மூச்சு அழுதாரு. அழுதுட்டு, பசிக்குதுன்னாரு. ரெண்டு கிண்ணம் சூப்பு குடிச்சிட்டாருக்கா!"

மணியம் ஃபோனை வாங்கினார். நான் என் ஃபோனைக் குமரனிடம் நீட்டினேன். மகனிடம் முதலில் கேட்டது, "சாப்டியாடா?"

"அலமாக்! அப்பா, அங்க செத்துப் பொழச்சிட்டு என்னையப் போயி கேக்குறீங்களா?" என்று குமரன் சிரித்தான். சிரிக்கும்போதே அழுதுவிட்டான். நான் எழுந்து பின்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டு, ஆசை தீர அழுதேன். இருபத்தாறு வருடத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் அழுததில்லை.

6. இப்போது நான் கேட்பது

மற்ற ஒன்பது பேரும் மறுநாள் ஏரிக்குப் போய்விட்டு வந்தார்கள். பூர்பா மணியத்தை மறுபடி மேலே ஏறவிடவில்லை. சந்தன்பாரியில் இரண்டு நாள் படுத்துத் தேறினார். கையில் வைத்திருந்த அந்த ஒரு நாள் இருந்ததால் யாருக்கும் ஃபிளைட் தவறவில்லை.

அதற்குப் பிறகு என் ஃபாரத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. யாருக்காக என்ன வேண்டுதல், அதற்காக எதை விட்டிருக்கிறீர்கள்? "ஏன்க்கா, நீங்க டிராவல் ஏஜென்ட்டா, குறி சொல்றவங்களா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும். அந்தக் கேள்வியைக் கேட்டதால்தான், செருப்புப் போடாமல் பனியில் நடப்பேன் என்று வேண்டிக்கொண்ட ஒருவர் எனக்கு முன்கூட்டியே தெரியவந்தார். சனிக்கிழமை பச்சைத் தண்ணீர் குடிக்காத ஓர் அம்மாவும் தெரியவந்தார். பூண்டு தொடாதவர்களுக்கு இஞ்சியும் உப்பும் போட்ட சூப் வைக்கச் சொல்லி பூர்பாவிடம் பேசிவிட்டேன். சைவம், அசைவம் என்று மட்டும் கேட்டால் ஒரு மனுஷனின் வயிறு தெரியாது. எதற்காகப் போகிறான் என்று கேளுங்கள், அவன் அங்கே என்ன செய்வான் என்பது தெரிந்துவிடும். இருபத்தாறு வருடத்தில் நான் கற்றது இதுதான். ஒரு மனுஷனைச் சாகக் கொடுக்கப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

ஊருக்கு வந்த அடுத்த வாரம் மணியம் ஆபீசுக்கு வந்தார். கோபமாக இருப்பார் என்றுதான் நினைத்தேன். பேக்கைத் தூக்கியதற்கும் கேட்காமல் விட்டதற்கும் மன்னிப்புக் கேட்டேன். நானும் சொல்லாமல் மறைத்தேனே என்றார். மேசையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நான் ஒரு உசிருக்குத்தான் வேண்டினேன்க்கா. சாமி ரெண்டு குடுத்துட்டாரு. இப்ப போகாம எப்படி இருக்கிறது? மார்ச்சுக்கு டிக்கெட் பாருங்க."

டிக்கெட் பார்க்கவில்லை. டாக்டர் லெட்டர் கொண்டுவந்தால்தான் கம்ப்யூட்டரையே திறப்பேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் கிளினிக் கதவு திறப்பதற்கு முன்னாலேயே மணியம் அங்கே போய் நின்றிருக்கிறார். லெட்சுமிதான் ஃபோன் பண்ணிச் சொன்னார்.